கேப்போ ஏத்தும், இறக்காது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

கிட்டாருக்கு தியரி (சுரக் கணக்கு) எதுக்கு, காது போதும்னு உங்க பேப்பர்ல ஒருத்தர் எழுதியிருந்தார், நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நெனச்சேன், பான்சொடான் ரோட்டு பிளாட்பாரத்துல வாங்குன பாட்டு புக்குல வரிக்கு மேல இருக்கற கார்டு (சேத்து அடிக்கற சுரக் கொத்து) பேர பாத்தே காலத்த ஓட்டிட்டேன். நடுவுல ஒரு கிளாஸ்ல காசு கட்டி மூணு மாசம் அஞ்சு கோடு போட்டு வெஸ்டர்ன் நொட்டேஷன முட்டை முட்டையா வரைஞ்சதும் உண்டு. பியானோல ஒரு முட்டைக்கு அமுக்குற கட்டை ஒண்ணுதான், கிட்டார்ல அப்படியா, மெல்லிசு கம்பிய சும்மா தட்டுனா வர்ற அதே சத்தம் ரெண்டாவது கம்பில 5வது ஃப்ரெட் (கழுத்துல இருக்கற குறுக்குக் கட்டம்), மூணாவதுல 9, நாலாவதுல 14, இத யாரும் சொல்லவே இல்ல.

நான் வசமா மாட்டிக்கிட்டது இங்க ரங்கூன்ல எங்க கோயில் பஜனைலதான். ரெண்டு கட்டை சுருதில, அதாவது டி-ல, பழகுன பாட்டு, டி, ஜி, ஏ மூணே கார்டு. அன்னைக்கு பாடுற அக்காவுக்கு தொண்டை கட்டிருச்சு, "தம்பி ஒரு கட்டைக்கு எறக்கிக்கோ"ன்னாங்க. கேப்போன்னு கம்பிகள அழுத்திப் புடிக்கற கிளிப்ப மாட்டுனா சுருதிய ஏத்தலாம், எறக்க முடியாதே! (பத்தாவது ஃப்ரெட்ல மாட்டுடான்னு ஒருத்தன் சொன்னான், அது கொசு பாடுற மாதிரி இருக்கும்.) நான் கைய பெசஞ்சுட்டு உக்காந்திருக்கேன், ஆர்மோனியம் அண்ணன் அவர் பாட்டுக்கு வாசிச்சிட்டுப் போறார்.

அப்புறம் கேட்டதுக்கு, "கார்டு பேர விடு, ச எங்கன்னு புடி, ம, ப அங்கருந்து எண்ணிக்கோ"ன்னார். டி, ஜி, ஏன்னு நான் உருப்போட்டது வெறும் ச, ம, பவாம்! ஒரு கட்டைன்னா சி, அத ச ஆக்குனா சி, எஃப், ஜி. தடி கம்பில எந்த ஃப்ரெட் ச-வோ அதே ஃப்ரெட்ல அடுத்த கம்பி ம, அங்கருந்து ரெண்டு தள்ளி ப. ச, க, ப சேந்தா மேஜர் கார்டு, அதுல இருக்கற க-வ, அதான் அந்தர காந்தாரத்த, ஒரு ஃப்ரெட் எறக்கி சாதாரண காந்தாரமாக்குனா மைனர் கார்டு. மேஜர் ஸ்கேல் நம்ம சங்கராபரணம் ராகம், பயலுக மொதல்ல புடிக்கற மைனர் பென்டடானிக்ங்கற அஞ்சு சுர ஸ்கேல் சுத்த தன்யாசி. மூணாவது கம்பிலருந்து ரெண்டாவதுக்குப் போறப்ப மட்டும் கணக்கு ஒரு ஃப்ரெட் தள்ளிப்போகும், அங்க எனக்கு இன்னும் உதைக்குது.

அதனால ஒரு வேண்டுகோள், பக்திப் பாட்டு வரி போடுறீங்களே, மேல ச, ம, பன்னு சின்னதா போட்டுடுங்க, மைனர் வந்தா பக்கத்துல ஒரு 'மை'. யார் எந்தக் கட்டைல பாடுனாலும் ஒத்து வரும்.

இப்படிக்கு,
பஜனை கிட்டார்காரன், ரங்கூன்