மத்தளையைக் காட்டிக் கட்டுநாயக்காவை மறிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்தின் இரண்டாவது முனையம் வீண் செலவு என்று தங்கள் ஞாயிறு இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அம்பாந்தோட்டைப் பக்கம் கட்டிய மத்தளை விமான நிலையத்தில் பட்டது போதாதா என்பது அவருடைய கேள்வி. நான் யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்காவுக்கு வான் ஓடுகிறவன். கடன் வாங்கிக் கட்டுவதென்றால் பயம் வரத்தான் செய்யும். அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மத்தளைக் கதையை அவர் தலைகீழாக விளங்கிக்கொண்டிருக்கிறார்.

மத்தளை 2013 மார்ச்சில் திறக்கப்பட்டது. 20 கோடி டொலருக்கு மேல் செலவு. அதில் 19 கோடி சீன எக்ஸிம் வங்கியின் கடன். ஆண்டுக்குப் பத்து இலட்சம் பேர் வந்து போகலாம் என்று கட்டினார்கள். ஓடுபாதை மூன்றரைக் கிலோமீற்றர், கட்டுநாயக்காவில் உள்ளதைவிட நீளம். எல்லாம் இருந்தது, பயணிகளைத் தவிர. 2015 இல் சரக்குக் கட்டடத்தில் நெல் மூட்டை அடுக்கினார்கள். அடுத்த வருடம் சுற்றுவட்டாரத்து யானைகளைக் கலைக்கப் படையினரையும் பொலிஸாரையும் இறக்கினார்கள். 2018 நடுப்பகுதியில் மிஞ்சியிருந்த பிளைடுபாய் சேவையும் நின்றது. சம்பந்தம் பேசாமலே மணவறை கட்டிய வேலை அது.

கட்டுநாயக்காவில் சங்கதி வேறு. இப்போதுள்ள முனையம் ஆண்டுக்கு 60 இலட்சம் பேருக்கென்று கணக்கிட்டது. 2018 இலேயே அதனூடாக ஒரு கோடிக்கு மேற்பட்டோர் போய்வந்துவிட்டார்கள். கொரோனாவும் பொருளாதார நெருக்கடியும் அந்த எண்ணிக்கையைக் கீழே தள்ளின, உண்மை. ஆனால் 2024 இல் மட்டும் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் நாட்டுக்குள் வந்திருக்கிறார்கள். நம்மவர்கள் போவதும் வருவதும் அதற்கு மேலே.

ஆண்டு முழுவதற்குமான எண்ணிக்கையை 365 ஆல் பிரித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானே, சமாளிக்கலாம்" என்று சொல்கிறவர்கள் ஒரு தடவை நடுச்சாமத்தில் புறப்பாட்டு வாசலில் வந்து நின்று பார்க்க வேண்டும். சனம் இருபத்துநான்கு மணித்தியாலத்துக்கும் பங்குபிரித்து வருவதில்லை. வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் விமானங்களில் பல இரவிலும் விடியப்புறத்திலும்தான் கிளம்புகின்றன. ஆகவே எங்களுடைய ஹயரும், அதாவது வாடகை ஓட்டமும், அப்படித்தான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு யாழ்ப்பாணத்தில் ஏற்றினால் வவுனியா, அனுராதபுரம், புத்தளம், சிலாபம் என்று 350 கிலோமீற்றருக்கு மேல் ஓடி இரவு பத்து மணியளவில் வாசலில் இறக்குவோம். கண்டியிலிருந்து வருகிறவனும் மட்டக்களப்பிலிருந்து வருகிறவனும் அதே நேரத்துக்குத்தான் வந்து இறக்குகிறான்.

அதன் பிறகுதான் இருக்கிறது வேடிக்கை. கனடாவுக்குப் போகும் அம்மா ஒருவர், வழியனுப்ப வந்த ஒன்பது பேர், நான்கு சூட்கேஸ். வீட்டில் நிறுத்துப் பார்த்தபோது சரியாக இருந்த நிறை, தொங்குதராசில் மாட்டியதும் இரண்டு கிலோ கூடி நிற்கும். அந்த நடைபாதையிலேயே பெட்டி திறபடும். மிளகாய்த்தூள் சரை ஒன்று இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்குப் போகும், ஒடியல் மா கைப்பைக்குள் ஏறும், புழுக்கொடியல் என்னிடம் திரும்பி வரும். பக்கத்தில் முதன்முதலாகச் சவூதிக்கு வேலைக்குப் போகும் பெண்பிள்ளை கடவுச்சீட்டைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எந்த வரிசை என்று தெரியாமல் நிற்பாள். அவளுக்குப் பின்னால் தள்ளுவண்டியோடு முப்பது சீனச் சுற்றுலாப் பயணிகள். ஊழியர்களைத் திட்டிப் பயனில்லை. அறுபதுக்கு வெட்டிய இடத்தில் நூறு பேர் நின்றால் தேவதூதன் வந்து வேலை பார்த்தாலும் வரிசை வரிசைதான்.

கருமபீடத்தைக் கூட்டலாம், இயந்திரத்தில் சீட்டு எடுக்கச் செய்யலாம் என்கிறார்கள். செய்யட்டும், நல்லது. ஆனால் இடத்தை இயந்திரம் பெருப்பித்துத் தராது.

2017 ஜனவரியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை ஓடுபாதையைப் புதுப்பிப்பதற்காகக் காலை எட்டரையிலிருந்து மாலை நாலரை வரை விமான நிலையத்தை மூடியது பலருக்கு நினைவிருக்கும். இருப்பதே ஒற்றை ஓடுபாதை, வேறு வழியில்லை. அந்த மூன்று மாதமும் பகல் விமானங்கள் காலியாகக் கிடந்த மத்தளைக்கு இடம்மாறிப் போய்விடவில்லை. நேரத்தை மாற்றிக்கொண்டு இரவில் கட்டுநாயக்காவுக்கே வந்தன. எங்கே விமானம் இறங்கும் என்பதை அமைச்சர் தீர்மானிப்பதில்லை, பயணி தீர்மானிக்கிறான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இனிக் கடனுக்கு வருவோம். ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்கா 2012 இலும் 2016 இலுமாக ஏறத்தாழ 74 பில்லியன் யென் தர ஒப்பந்தம் செய்தது. நீண்ட தவணை, சொற்ப வட்டி. 2020 நவம்பரில் வேலை தொடங்கியது. முடிந்தால் விமான நிலையம் முழுவதுமாக ஆண்டுக்கு ஒன்றரைக் கோடிப் பேரைத் தாங்கும் என்பது கணக்கு. 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாதென்று கைவிரித்ததோடு எல்லாம் நின்றது. 2024 ஜூலையில்தான் ஜப்பான், நிறுத்தி வைத்திருந்த திட்டங்களுக்கு மறுபடி பணம் விட இணங்கியது; அதில் இதுவும் ஒன்று.

ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாத நாட்டுக்கு விமான நிலையம் எதற்கு என்று அந்த வாசகர் கேட்கிறார். இந்தக் கடன் இந்த வேலைக்கென்று தரப்பட்டது, மருந்து வாங்க மாற்ற முடியாது. போகட்டும், அதை விடுவோம். மருந்து வாங்கும் டொலர் எங்கிருந்து வருகிறது? 2024 இல் வெளிநாட்டில் உழைக்கிறவர்கள் அனுப்பியது ஏறத்தாழ 6.6 பில்லியன் டொலர், சுற்றுலாவில் கிடைத்தது 3 பில்லியனுக்கு மேல். இரண்டு கூட்டமும் பெரும்பாலும் நுழைவது ஒரே வாசலால்தான். நாட்டைவிட்டுப் போகும் ஒவ்வொருவரிடமும் பயணச்சீட்டோடு சேர்த்தே புறப்பாட்டு வரி அறவிடுகிறார்கள். இந்த முனையத்துக்கு வருமானம் எங்கே என்று தேடத் தேவையில்லை, அது ஏற்கெனவே வரிசையில் நிற்கிறது.

இரண்டாவது ஓடுபாதை, அதன் பக்கத்தில் புது நகரம் என்று யாராவது அடுத்த பேச்சைத் தொடங்கினால் அந்த வாசகரோடு சேர்ந்து நானும் எதிர்ப்பேன். சனம் வந்த பிறகு கட்டுவது முதலீடு. சனம் வரும் என்று கனவு கண்டு கட்டியதற்குத்தான் இன்னும் கடன் கட்டுகிறோம்.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தையும் இதே தராசில் வைக்க வேண்டும். 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையம் என்று திறந்தார்கள். இன்றுவரை 1,400 மீற்றர் ஓடுபாதையில் ஏ.டி.ஆர். ரகச் சிறு விமானங்களே இந்தியாவுக்குப் போய்வருகின்றன. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் எத்தனை குடும்பம் கட்டுநாயக்காவில் இறங்கி எங்களுடைய வானில் எட்டு மணித்தியாலம் குலுங்கி வருகிறது என்பது எனக்குத் தெரியும். பயணிகள் காத்து நிற்கிற இடம் பலாலி. அங்கே ஓடுபாதையை நீட்டினால் என் ஹயரில் பாதி போய்விடும். அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

அமைச்சிடம் கேட்க வேண்டியது வேறு. வேலை நின்று கிடந்த காலத்துக்காக யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கிறது? 2020 இல் மதிப்பிட்ட தொகை இப்போது எவ்வளவுக்கு ஏறியிருக்கிறது? எந்த மாதம் திறப்பார்கள்? இவற்றைப் பத்திரிகைகளில் மூன்று மொழியிலும் போடட்டும். வரைபடத்தில் இன்னும் இடமிருந்தால், இரவு முழுக்க வாகனம் ஓடி வரும் சாரதிகள் திரும்பிப் போவதற்கு முன் இரண்டு மணித்தியாலம் சரிந்து படுக்க ஒரு கொட்டகையும், குழாயில் தண்ணீர் வரும் ஒரு கழிப்பறையும் சேர்த்துக் கீறச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வான் சாரதி ஒருவர்,
மானிப்பாய்.