மீனாவுக்கு, ஊசி விஷயமாக

அன்பு மீனா,

லூபஸ் ஆன்டிகோஆகுலன்ட் என்ற ஆன்டிபாடிக்காக எடுத்த உன் ரெண்டாவது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் பார்த்தேன். காய்ச்சல், தொற்று ஏதாவது வந்துபோனாலே இந்த ஆன்டிபாடி கொஞ்ச நாள் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். அதனால்தான் 12 வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார்கள். உனக்கு அப்போதும் இருக்கிறது. 11-வது வாரத்தில் குழந்தை தங்காமல் போனதற்கு இது காரணமாக இருந்திருக்கலாம். உன் மாமியார் சொல்கிற மாடிப்படி காரணமில்லை, அதை மனசிலிருந்து எடுத்துப் போடு.

பேர்தான் ஆளைக் குழப்பும். லூபஸ் ஆன்டிகோஆகுலன்ட் என்றால் ரத்தத்தை உறையவிடாதது என்று அர்த்தம். சோதனைக் குழாயில் அப்படித்தான், ஏபிடிடி, அதாவது ரத்தம் உறைய ஆகும் நேரம், நீளும். உடம்புக்குள் நேர் எதிர், ரத்தம் சுலபமாகக் கட்டும். ஏபிடிடியைப் பார்த்து யாராவது "ரத்தக்கசிவு வரும், ஊசி வேண்டாம்" என்றால் இந்த ரிப்போர்ட்டைக் காட்டு. பேரில் லூபஸ் என்று இருப்பதால் உனக்கு லூபஸ் நோய், அதாவது எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய், இருக்கிறது என்றும் இல்லை. கர்ப்பத்தில் எடுக்கும் விடிஆர்எல், அதாவது சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான சோதனை, தப்பாகப் பாசிட்டிவ் காட்டவும் கூடும். அந்தச் சோதனையில் கார்டியோலிப்பின் என்ற கொழுப்புப் பொருள் உண்டு, உன் ஆன்டிபாடி அதில் ஒட்டிக்கொள்ளும். மாப்பிள்ளையிடம் இதை இப்போதே சொல்லிவை, பிறகு வீண் சந்தேகம் வேண்டாம்.

ஆஸ்பிரின் 75 மில்லிகிராமை டாக்டர் கரு தங்கும் முன்பே தொடங்கச் சொல்லியிருக்கிறார் அல்லவா, அதை விடாதே. கிட்டில் ரெண்டு கோடு தெரிந்ததும் அவரைப் பார்த்து ரத்தம் கட்டாமல் தடுக்கும் எனாக்ஸாபரின் 40 மில்லிகிராம் ஊசியைத் தொடங்க வேண்டும், தினம் ஒன்று. உனக்கு இதுவரை காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டியதில்லை என்பதால் இந்த அளவு. முன்பே கட்டியவர்களுக்கு எடைக்கு ஏற்றபடி கூடும், பக்கத்து வீட்டுக்காரி அளவைப் பார்த்து மாற்றாதே. இந்த ஆன்டிபாடி நஞ்சுக்கொடியில் ரத்தத்தைக் கட்டவைப்பதோடு நிற்பதில்லை, நஞ்சுக்கொடி கர்ப்பப்பையில் சரியாக வேர்பிடிப்பதையே கெடுக்கும். அதனால்தான் முதல் வாரங்களிலேயே அவசரம்.

தொப்புளிலிருந்து மூன்று விரல் தள்ளி, ஒரு நாள் இடப்பக்கம், மறுநாள் வலப்பக்கம். தோலை மடிப்பாகப் பிடித்து ஊசியை நேராக இறக்கு. மருந்து முழுக்கப் போகும்வரை மடிப்பை விடாதே. ஊசிக்குள் தெரியும் காற்றுக்குமிழியை வெளியே தள்ளினால் மருந்தும் சேர்ந்து போய்விடும், அதை அப்படியே விடு. போட்ட இடத்தைத் தேய்த்தால் கன்றிப்போகும். மதுரைக்குச் சித்திரை வெயிலில் வருவதானால் ஊசியைக் கைப்பையில் வேகவைக்காதே, 25 டிகிரிக்குமேல் ஆகாது. பயந்துபோய் ஃப்ரீசரிலும் வைக்காதே, உறைந்துவிட்டால் வீண்.

தட்டணு எண்ணிக்கை, கால்சியம் மாத்திரை, 20 வாரத்துக்குமேல் பிள்ளை வளர்ச்சியும் டாப்ளரும் (ரத்த ஓட்டம்) பார்க்கும் ஸ்கேன் எல்லாம் டாக்டர் எழுதுவார். பிபியை மட்டும் நீயே வீட்டில் பார். விடாத தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஒரு கால் மட்டும், அதுவும் பெரும்பாலும் இடது, வீங்கி வலித்தாலும், மூச்சு இரைத்தாலும் அப்படியே.

பிரசவ வலி எடுத்துவிட்டால் அன்றைய ஊசியைப் போடாதே. முதுகில் மயக்க ஊசி போட, கடைசி ஊசிக்குப் பிறகு 12 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். எத்தனை மணிக்குப் போட்டாய் என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டே வா.

பிள்ளை பிறந்ததும் முடிந்தது என்று நினைக்காதே. ரத்தம் கட்டும் ஆபத்து அதிகம் இருப்பதே அதற்குப் பிந்தைய ஆறு வாரத்தில்தான், ஊசியும் அதுவரை உண்டு. பால் கொடுக்கத் தடையில்லை. நம் வீட்டில் பச்சை உடம்புக்காரியைப் படுக்கையிலேயே வைத்து, தண்ணீரையும் அளந்து கொடுப்பார்கள். உனக்கு அது ஆகாது. அப்பத்தாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், காயம் லேகியம் அவர் இஷ்டம், நடப்பதும் தண்ணீரும் என் இஷ்டம். பிறகு கருத்தடைக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை கூடாது, காப்பர்-டி போதும். திருவிழாவுக்காகத் தீட்டைத் தள்ளிப்போடும் மாத்திரையையும் மருந்துக்கடையில் நீயாக வாங்காதே.

வளைகாப்புக்கு வரும்போது பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் ஒரே இருப்பாக மாட்டுத்தாவணி வந்து இறங்க வேண்டாம். ரயிலில் வா, எழுந்து நடக்கலாம். ரெண்டு ரிப்போர்ட்டின் அசலையும் பெட்டியில் வைக்காமல் கையில் வைத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா