பட்டனை அமுக்கினால் 'டிக்' மட்டும் கேட்டால்

அன்புள்ள கண்ணம்மா,

பைக் செல்ஃப் எடுக்கவில்லை, பட்டனை அமுக்கினால் 'டிக்' என்று ஒரு சத்தம்தான் வருகிறது, மெக்கானிக் பார்த்ததுமே செல்ஃப் மோட்டார் போய்விட்டது என்கிறார் என்று எழுதியிருந்தாய். அவசரப்பட்டு மோட்டாருக்குப் பணம் கட்டிவிடாதே. அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த ஒரு சத்தத்தை வைத்து அப்படி அறுதியிட்டுச் சொல்ல யாராலும் முடியாது. முதலில் பேட்டரி, அடுத்து அதன் முனைகள், பிறகு ரிலே (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் மின் சுவிட்ச்), எர்த்து வயர். இதையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் மோட்டார் மேல் கை வைக்க வேண்டும். அநேகமாக அதுவரை போக வேண்டிய தேவையே வராது.

வண்டியில் செல்ஃபுக்கு இரண்டு பாதை இருப்பதை மனதில் வாங்கிக்கொள். ஒன்று ஒல்லி வயர்ப் பாதை. சாவி, இஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச், ஸ்டார்ட் பட்டன், கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல், சைடு ஸ்டாண்ட் சுவிட்ச் எல்லாவற்றையும் தாண்டி ரிலேக்குள் இருக்கும் சின்னச் சுருளுக்கு வருவது. இன்னொன்று தடித்த வயர்ப் பாதை. பேட்டரியின் பாசிட்டிவில் கிளம்பி, ரிலேயின் இரண்டு பெரிய போல்ட்டுகளைக் கடந்து, மோட்டாருக்குள் போய், இஞ்சின் உடம்பு வழியாக எர்த்து வயரில் ஏறி நெகட்டிவுக்குத் திரும்புவது. ஒல்லிப் பாதை உத்தரவு கொடுக்கிறது, தடித்த பாதை வேலை செய்கிறது. 'டிக்' என்பது உத்தரவு ரிலே வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது என்பதற்கான அடையாளம். அப்படியானால் பட்டன், கிளட்ச் சுவிட்ச், சைடு ஸ்டாண்ட் எதுவும் குற்றவாளி இல்லை. அவற்றை யாராவது கழற்ற ஆரம்பித்தால் தடுத்துவிடு.

ஒரே ஒரு எச்சரிக்கை. சில வண்டிகளில் செல்ஃப் ரிலேக்கு முன்னால் இன்னொரு குட்டி ரிலேயும் உண்டு, அதுவும் 'டிக்' என்று சொல்லும். தடித்த வயர் இரண்டும் வந்து முடிகிற பெரிய ரிலேயின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு பட்டனை அமுக்கு. விரலில் ஒரு சின்னத் தட்டல் தெரிந்தால் சத்தம் அங்கிருந்துதான் வருகிறது.

சத்தத்தைக் கவனிக்கப் பழகிக்கொள், பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும். 'டகடகடக' என்று விடாமல் அடித்தால் பேட்டரி தளர்ந்திருக்கிறது, இல்லையென்றால் அதன் முனை லூஸ். ரிலே இழுத்ததும் மோட்டார் கரண்டை உறிஞ்சுகிறது, வோல்ட் சரிகிறது, ரிலே விட்டுவிடுகிறது, வோல்ட் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. அதுதான் அந்தத் தாளம். 'விர்ர்' என்று மோட்டார் மட்டும் சுற்றி இஞ்சின் அசையாமல் இருந்தால் இடையில் இருக்கும் ஒன்வே கிளட்ச் வழுக்குகிறது. அது இஞ்சின் கவரைத் திறக்க வேண்டிய வேலை. பட்டனை விட்ட பிறகும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்தால் ரிலேயின் உள் முனைகள் தீய்ந்து ஒட்டிக்கொண்டன என்று பொருள். சாவியை அணைத்தாலும் அது நிற்காது. உடனே பேட்டரி நெகட்டிவைக் கழற்ற வேண்டும்.

இனி மீட்டருக்கு வருவோம். விலை குறைந்த மல்டிமீட்டரே போதும். டிசி வோல்ட்டில் 20 என்று போட்ட இடத்துக்குத் திருப்பு. சிவப்பு வயர் வோல்ட் துளையில் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார். ஆம்பியர் துளையில் செருகி பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தால் அது நேரடி ஷார்ட். வண்டி நியூட்ரலில், சென்டர் ஸ்டாண்டில், காற்றோட்டமான இடத்தில் நிற்க வேண்டும். பெட்ரோல் வாடை வந்தால் அதைச் சரிபண்ணும் வரை எதையும் தொடாதே.

முதலில், இரவு முழுக்க ஓடாமல் நின்ற வண்டியில் பேட்டரியை அள. 12.6 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் காலி. ஓட்டி வந்த சூட்டோடு அளந்தால் இருப்பதைவிட அதிகமாகப் பொய் காட்டும். (லித்தியம் பேட்டரிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது சும்மா நிற்கும்போதே 13-க்கு மேல் காட்டும்.)

பெரும்பாலானவர்கள் இங்கேயேதான் தவறுகிறார்கள். 12.6 காட்டுகிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சும்மா நிற்கும் பேட்டரி காட்டும் எண்ணுக்குப் பாதி மதிப்புதான். உள்ளே ஒரு செல் பழுதாகி இருந்தாலும், தகடுகள் உப்புப் பிடித்துப் போயிருந்தாலும், சும்மா இருக்கும்போது நல்ல பிள்ளையாக 12.5 காட்டிவிட்டு லோடு வந்ததும் படுத்துவிடும். அதனால் மீட்டர் கம்பிகளை முனையிலேயே வைத்துக்கொண்டு பட்டனை மூன்று விநாடி அமுக்கு. எண் எங்கே போகிறது என்று பார்.

9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகப்படு. சார்ஜரில் போட்டு முழுக்க நிரப்பி, சில மணி நேரம் ஆறவிட்டு மறுபடி இதையே செய். அப்போதும் விழுந்தால் மாற்ற வேண்டியதுதான். நல்ல பேட்டரி போட்டும் விழுகிறது என்றால் மோட்டாரோ இஞ்சினோ இறுகிப் போய் அளவுக்கு மீறிக் கரண்டை இழுக்கிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார். இஞ்சின் அசைந்து கொடுத்தால் அது பிடித்துக்கொள்ளவில்லை.

'டிக்' என்கிறது, ஆனால் எண் 12.5-லிருந்து அசையவே இல்லை என்றால் பேட்டரி நல்லது. அதை விட்டு ஏறக்குறைய ஒன்றுமே வெளியே போகவில்லை. தடித்த பாதையில் எங்கோ அறுந்திருக்கிறது. உன் வண்டியில் இதுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம், ஆனால் ஊகத்தை நம்பாதே, அளந்து பார்.

அதற்கு முன் பேட்டரி முனைகளை ஒரு தடவை நேரில் பார்த்துவிடு. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவில் வைத்த ஸ்பேனர் தவறி ஃபிரேமில் பட்டால் பொறி பறக்கும், கை வெந்துவிடும். முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் உப்புத்தாளால் ஈயமும் வயரின் காதும் பளபளக்கும் வரை தேய். சின்ன பேட்டரிகளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முனைக்குள் ஒரு சதுர நட்டு மாட்டாமல் சும்மா கிடக்கும். போல்ட் கொஞ்சம் நீளமாக இருந்தால் வயரின் காதை அழுத்துவதற்கு முன்பே அடியில் போய் முட்டி நின்றுவிடும். ஸ்பேனருக்கு இறுகிய மாதிரியே தெரியும். காதை விரலால் பிடித்துத் திருப்பிப் பார், துளியாவது அசைந்தால் இறுகவே இல்லை. இந்த அளவு லூஸ் இருந்தாலும் ஹாரன் அடிக்கும், விளக்கு எரியும், செல்ஃப் மட்டும் எடுக்காது. ஏனென்றால் ஹாரனுக்குத் தேவைப்படும் கரண்ட் சில ஆம்பியர்தான், மோட்டாருக்கோ பல பத்து ஆம்பியர் வேண்டும்.

இப்போது தீர்ப்பு சொல்லும் சோதனை. செல்ஃப் மோட்டாரில் தடித்த வயர் வந்து மாட்டும் போல்ட் ஒன்று இருக்கும், ரப்பர் தொப்பியை ஒதுக்கினால் தெரியும். சிவப்புக் கம்பியை அந்தப் போல்ட்டில் வை, கறுப்பை மோட்டாரின் உடம்பில், பெயின்ட் இல்லாத இடத்தில் வை. பட்டனை அமுக்கு. 10 வோல்ட்டுக்கு மேல் வந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால், அதற்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது, வேலை செய்ய மறுக்கிறது. குற்றம் மோட்டாருடையதுதான். வோல்ட் வரவே இல்லை, அல்லது குறைவாக வருகிறது, ஆனால் பேட்டரி முனையில் 12 இருக்கிறது என்றால் மோட்டார் நிரபராதி. வழியில் யாரோ தின்கிறார்கள்.

யார் என்று கண்டுபிடிப்பது சுலபம். சிவப்பை பேட்டரி பாசிட்டிவிலும் கறுப்பை மோட்டார் போல்ட்டிலும் வை. பட்டனை அமுக்கும் முன் 12 சொச்சம் காட்டும், பயப்படாதே, ரிலே திறந்திருப்பதால் அப்படித்தான் காட்டும். அமுக்கியதும் அது 0.5-க்குக் கீழே இறங்க வேண்டும். மீட்டர் இப்போது காட்டுவது வழியில் தொலைந்துபோகிற வோல்ட். 'டிக்' கேட்ட பிறகும் 12-லேயே நின்றால் அடுத்து ரிலேயின் இரண்டு பெரிய போல்ட்டுகளில் ஒவ்வொரு கம்பியை வைத்து அமுக்கு. அங்கேயும் 12 நின்றால் ரிலே இழுக்கிறது, உள்ளே முனைகள் சேரவில்லை. தீய்ந்துபோன ரிலே, மாற்றினால் தீர்ந்தது. அங்கே 0.3-க்குக் கீழே இருந்தால் ரிலே சரி, வயரையும் அதன் முனைகளையும் பார்.

எர்த்துக்கு இதே மாதிரி. கறுப்பு பேட்டரி நெகட்டிவில், சிவப்பு இஞ்சினின் வெறும் உலோகத்தில். அமுக்கும்போது 0.2, 0.3 என்று இருந்தால் நல்லது. 1 வோல்ட் என்று வந்தால் எர்த்து வயரின் காதுக்கு அடியில் துருவோ பெயின்ட்டோ இருக்கிறது. அந்தப் போல்ட்டைக் கழற்றி, அடியைச் சுரண்டி மாட்டு. ஒன்றை மறக்காதே, இந்த இரண்டு சோதனையும் கரண்ட் ஓடும்போதுதான் உண்மை பேசும். பாதை முழுதாக அறுந்திருந்தால் நல்ல எர்த்தும் 0 காட்டும், அரைகுறை எர்த்தும் 0 காட்டும்.

ரிலேயின் இரண்டு போல்ட்டையும் ஸ்குரூ டிரைவரால் சேர்த்துப் பார்ப்பது கடைகளில் வழக்கம். மோட்டார் சுற்றினால் அது நல்லது என்று தெரியும், உண்மைதான். ஆனால் சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜனைக் கக்கும், அதன் பக்கத்தில் பொறி தட்டுவது எனக்குச் சம்மதமில்லை. அதோடு அது எல்லா பாதுகாப்பு சுவிட்சையும் தாண்டிவிடுகிறது, கியரில் இருந்தால் வண்டி பாய்ந்துவிடும். மீட்டர் அதே பதிலைப் பொறியில்லாமல் தருகிறது.

மோட்டார்தான் என்று ஆனாலும் முழு மோட்டாரையும் மாற்றச் சம்மதிக்காதே. ஒருவர் பட்டனை அமுக்க, இன்னொருவர் மோட்டாரின் உடம்பில் மரக்கைப்பிடியால் லேசாகத் தட்டிப் பார்க்கட்டும். தட்டினால் சுற்றுகிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்து கட்டையாகிவிட்டது, ஸ்பிரிங் அதைத் தள்ள முடியவில்லை. பிரஷ் செட் மட்டும் மாற்றினால் போதும். தட்டியதும் எடுத்துக்கொண்டதே என்று அப்படியே ஓட்டாதே, அது ஓரிரு நாள் கணக்குதான்.

திறக்கும் முன் மோட்டார் உடம்பிலும் இரண்டு மூடியிலும் ஒரு கோடு கிழிக்கச் சொல், திரும்ப அதே நிலையில் பொருந்த வேண்டும். ஷாஃப்ட்டின் இரண்டு பக்கமும் இருக்கும் மெல்லிய வாஷர்களை எண்ணி, வரிசை மாறாமல் எடுத்து வைக்க வேண்டும். வயர் போல்ட்டில் இருக்கும் பிளாஸ்டிக் வாஷர் ஒன்று இடம் மாறினாலும் போல்ட் உடம்போடு ஷார்ட் ஆகிவிடும். கம்யூட்டேட்டர் (பிரஷ் உரசும் செம்பு உருளை) கறுத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, செம்புப் பட்டைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் அடைந்த கார்பன் பொடியை எடுக்க வேண்டும். மீட்டரை ஓம்ஸில் வைத்தால் ஒரு பட்டைக்கும் இன்னொரு பட்டைக்கும் தொடர்பு இருக்க வேண்டும், எந்தப் பட்டைக்கும் ஷாஃப்ட்டுக்கும் தொடர்பு இருக்கவே கூடாது. இருந்தால் ஆர்மேச்சர், அதாவது மோட்டாருக்குள் சுற்றும் சுருள் பகுதி, போய்விட்டது, அப்போது மோட்டாரை மாற்றுவதில் நியாயம் இருக்கிறது.

வருங்காலத்தில் 'டிக்' கூட வராமல் போனால் அது ஒல்லிப் பாதைக் கோளாறு. கில் சுவிட்ச், ஃபியூஸ், நியூட்ரல் விளக்கு, சைடு ஸ்டாண்ட், கிளட்ச் லீவர் என்ற வரிசையில் பார். கிளட்ச் லீவருக்கு அடியில் இருக்கும் குட்டி சுவிட்ச் தூசியில் ஒட்டிக்கொள்ளும், லீவரை நான்கு தடவை இழுத்து விட்டாலே சில சமயம் சரியாகிவிடும்.

எதுவாக இருந்தாலும், சரியான பிறகு ஒன்று செய். வண்டியை ஓடவிட்டு 4,000 ஆர்பிஎம் அளவில் பேட்டரி முனையில் அள. 13.5-லிருந்து 14.5-க்குள் இருக்க வேண்டும். 12 சொச்சத்திலேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை, புது பேட்டரியும் சில நாளில் படுத்துவிடும். 15-ஐத் தாண்டினால் சார்ஜைக் கட்டுப்படுத்த வேண்டிய ரெகுலேட்டர் பேட்டரியை வேகவைக்கிறது. அப்புறம், பட்டனை ஒரே மூச்சில் 5 விநாடிக்கு மேல் அமுக்காதே. இடையில் 15 விநாடியாவது விடு, மோட்டார் சூடாகிவிடும்.

நான்கு எண்களை எழுதி அனுப்பு: சும்மா நிற்கும்போது பேட்டரி, பட்டனை அமுக்கும்போது பேட்டரி, அமுக்கும்போது மோட்டார் போல்ட், அமுக்கும்போது எர்த்து. மூன்றாவது எண் 10-ஐத் தாண்டியிருந்தால் மெக்கானிக் சொன்னது சரி. மோட்டாரைக் கழற்றச் சொல், உன் கண் முன்னாலேயே திறக்கச் சொல். பிரஷ் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா