அயர் தீபகற்பத்தின் தானிய ரயில்

ஐயா,

தென் ஆஸ்திரேலியாவின் அயர் தீபகற்பத்தில், 1907-இல் போர்ட் லிங்கனிலிருந்து கம்மின்ஸ் வரை திறக்கப்பட்டுப் பின்னர் உள்நாட்டுக் கோதுமை வயல்களை நோக்கி நீண்ட 1,067 மில்லிமீட்டர் அகலப் பாதையில் தானிய ரயில்கள் 2019 மே மாதத்தோடு நின்றுவிட்டன. நாட்டின் மற்ற இருப்புப்பாதைகளோடு ஒருபோதும் இணையாத தனிப்பாதை என்பதால், அதற்கு நேர்ந்ததை வெளியே பலர் கவனிக்கவே இல்லை.

அங்கே நெடுங்காலம் உழைத்தவை 830 வகை டீசல் எஞ்சின்கள். நம் மீட்டர்கேஜ் பாதைகளில் ஓடிய ஒய்டிஎம்-4 எஞ்சினைப் போலவே அவற்றினுள்ளும் இருந்தது அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் வடிவமைத்த 251 வகையைச் சேர்ந்த ஆறு சிலிண்டர் இயந்திரம்தான். நின்றிருக்கும்போது தடதடவென்று விட்டுவிட்டுத் துடிக்கும் அந்த ஓசையையும், பாரத்தை இழுக்கத் தொடங்கியதும் கூரையிலிருந்து குப்பென்று எழும் கரும்புகையையும் விழுப்புரம் நிலையத்தில் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த மௌனம் உண்மையாகவே வலிக்கிறது.

ரயில் சுமந்த தானியம் முழுவதும் இப்போது லாரிகளில் துறைமுகத்துக்குப் போகிறது. அறுவடைக் காலத்தில், பள்ளிப் பேருந்து செல்லும் அதே இருவழிச் சாலையில்தான் பின்னால் இரண்டு டிரெய்லர்கள் பூட்டிய லாரிகளும் விரைகின்றன. சாலை தேய்வதன் செலவு பொதுமக்கள் தலையில் விழுகிறது. தண்டவாளம் பழுதானால் சீர்செய்யலாம், ஆனால் பாதைக்கான நிலம் கைமாறிவிட்டால் திரும்பப் பெறுவது அரிது. ஆகவே அந்த நிலத்தை மாநில அரசு எக்காரணம் கொண்டும் விற்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அடிலெய்ட்