வீட்டு வரியோடு வரும் நூலக வரி

அன்புள்ள கண்ணு,

வீட்டு வரியை நீ போனிலேயே கட்டிவிட்டது நல்லதாகப் போயிற்று, எனக்குப் பேரூராட்சி ஆபீசுக்கு ஒரு நடை மிச்சம். அதில் 'நூலக வரி' என்று ஒரு தொகை தனியாக இருக்கிறதே, இப்போது யார் லைப்ரரிக்குப் போகிறார்கள் என்று கேட்டாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

வரி வருவதற்கு முன்னாலேயே நம்ம ஊரில் வாசகசாலை இருந்தது. தறிக்காரத் தெருவில் உன் தாத்தாவும் அவருடைய கூட்டாளிகளும் சேர்ந்து நடத்திய மன்றம் அது. 1944-ல் சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியதே, அதையொட்டிப் பல ஊர்களில் படிப்பகங்கள் முளைத்த காலம். நம் மன்றத்தில் கழகத்தின் பத்திரிகையான 'விடுதலை'யும் வரும், 'தினமணி'யும் வரும். இரண்டும் வேண்டும் என்பதில் தாத்தா பிடிவாதமாக இருந்தாராம்.

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்களே அப்போது குறைச்சல். தெரிந்தவரும் குழித்தறியில் உட்கார்ந்துவிட்டால் எழுந்து வர முடியாது. கால் மிதிக்க வேண்டும், கை கயிற்றை இழுத்து, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்ட வேண்டும், காது மட்டும்தான் சும்மா இருக்கும். அதனால் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் பேப்பரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் வாசிப்பான். எனக்கு விவரம் தெரிந்த பிறகு அந்த வேலை என்னிடம் வந்தது. தறிச் சத்தத்துக்கு மேலே கத்தி வாசிக்க வேண்டும். நூல் அறுந்து தறி நிற்கும்போது, "டேய், முன்னால சொன்னதைத் திருப்பிச் சொல்லு" என்பார்கள். இழையை முடிச்சுப் போட்டு முடிப்பதற்குள் சொல்லியாக வேண்டும். உலகச் செய்தி எல்லாம் நான் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

பேப்பருக்கும் புத்தகத்துக்கும் காசு? ஆடியில் மாரியம்மன் பண்டிகைக்கு மன்றத்தார் நாடகம் போடுவார்கள். பெட்ரோமாக்ஸ் வாடகை போக மிஞ்சியது அலமாரிக்கு. நாடகம் நன்றாக ஓடாத வருஷம் புதுப் புத்தகமும் கிடையாது.

இந்த நிலை எல்லா ஊரிலும்தான். நூலகம் நல்ல மனசுக்காரர்களின் தயவில் இருக்கக் கூடாது, அதற்குச் சட்டமும் நிரந்தர வருமானமும் வேண்டும் என்று வருஷக்கணக்காக வாதாடியவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-ல், சென்னை பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். நீ கட்டிய வரி அதிலிருந்து வந்தது. இன்றைய கணக்கில் நூறு ரூபாய் வீட்டு வரிக்குப் பத்து ரூபாய். உள்ளாட்சி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். மாடி வீடும் ஓட்டு வீடும் சேர்ந்து ஊருக்கு ஒரு நூலகம் வைத்திருக்கிறது. இதைவிட நியாயமான வரி எனக்குத் தெரியவில்லை.

நம்ம ஊருக்குக் கிளை நூலகம் வந்தபோது மன்றத்தார் தங்கள் ஓட்டுக் கட்டடத்தை வாடகை இல்லாமல் கொடுத்தார்கள், புத்தகங்களையும் சேர்த்து. அதில் சில இன்னும் அலமாரியில் இருக்கின்றன. முதல் பக்கத்தில் மன்றத்தின் ஊதா முத்திரை, அதற்குக் கீழே ஆணைக்குழு முத்திரை, பதிவு எண். நாடகத்துக்குச் சீட்டு வாங்கியவர்களின் காசு அது. அந்தப் பக்கம் கிழிந்துவிடாமல் நூலகர் பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்.

இப்போது யார் வருகிறார்கள் என்றாயே, காலையில் வந்து பார். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நாற்காலி போதவில்லை. வீட்டில் தறி ஓடும் சத்தத்தில் படிக்க முடியாமல் வருகிற பெண்கள்தான் அதில் அதிகம். பெரியவர்கள் நாங்கள் பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்துக்கொண்டு திண்ணைக்கு நகர்ந்துவிடுகிறோம். மன்றத்தின் வேலையை இப்போது வாசகர் வட்டம் பார்க்கிறது. நவம்பர் 14-ல் நூலக வார விழா தொடங்கும், பேச்சுப் போட்டிக்குப் பரிசுப் பொருள் வாங்கி வருகிற பொறுப்பு என் தலையில்.

அப்புறம் ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. ஆயிரம் ரூபாய் கட்டினால் நூலகப் புரவலர் ஆகலாம். உன் பெயரில் கட்ட ஆசை. தாத்தா பெயரில் கட்டலாமே என்பாய். வேண்டாம், அவர் பங்கை அவர் கொடுத்துவிட்டார். இது உன்னுடையதாக இருக்கட்டும். பணம் அனுப்பினால், வெள்ளிக்கிழமை லைப்ரரி லீவு, மற்ற நாளில் போய்க் கட்டிவிட்டு ரசீதைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா