மண்டபம் கிடைக்காத சாம்பியன்

அன்புள்ள சேகர்,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கொஞ்ச நாளைக்குப் படிக்காதே, போனைத் தொடாதே என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். சும்மா படுத்துக்கிடந்தபோது உன் கடிதத்தில் இருந்த அந்த ஒரு வரிதான் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. "செஸ்ஸில் ராஜாவாக இருந்த காஸ்பரோவ் அரசியலில் ஒரு சிப்பாயைக்கூட நகர்த்தவில்லை" என்று எழுதியிருந்தாய். வரி என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

முன்னாள் உலக செஸ் சாம்பியன், ரஷ்யாக்காரர் காஸ்பரோவ் 2005 மார்ச்சில் ஸ்பெயினின் லினாரெஸ் போட்டியை ஜெயித்த கையோடு ஓய்வு என்று அறிவித்தாரே, அன்றைக்குத்தான் அரசியலுக்கு வந்தார் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் இருபது வருஷம் முன்னால் போகணும். 1984 செப்டம்பரில் மாஸ்கோவில் அப்போதைய உலக சாம்பியன் கார்ப்போவோடு ஆரம்பித்த அந்த மாரத்தான் பட்டப் போட்டியை நினைத்துப் பார். முதலில் ஆறு ஆட்டம் ஜெயிப்பவருக்குப் பட்டம், டிராவுக்கு மதிப்பே கிடையாது. 27 ஆட்டம் முடிந்தபோது கார்ப்போவ் 5-0. இன்னும் ஒன்றே ஒன்று போதும். அந்த ஒன்று வரவே இல்லை. 21 வயசுப் பையன் காஸ்பரோவ் டிரா மேல் டிராவாக இழுத்தடித்தான். 32ஆவது ஆட்டத்தில் ஒரு வெற்றி, பிறகு 47, 48 என்று அடுத்தடுத்து இரண்டு. 5-3 ஆன அந்த நேரம் பார்த்து, 1985 பிப்ரவரி 15 அன்று, ஃபிடே என்கிற உலக செஸ் சம்மேளனத்தின் தலைவர் காம்போமானெஸ் வந்து வீரர்கள் களைத்துவிட்டார்கள் என்று போட்டியையே நிறுத்திவிட்டார். ஐந்து மாசம், 48 ஆட்டம், முடிவு இல்லை. பையன் அங்கேயே, பத்திரிகைக்காரர்கள் முன்னாலேயே, நான் ஆடத் தயார் என்று சண்டைக்கு நின்றான். பலகைக்கு வெளியே இருந்து ஒரு கை வந்து ஆட்டத்தைக் கலைக்கலாம் என்று அவன் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

அதே வருஷம் புதிதாக வைத்த போட்டியில் கார்ப்போவை ஜெயித்து, நவம்பரில் பட்டத்தை வாங்கிவிட்டார், அது வேறு கதை. (அந்தப் போட்டியின் 16ஆவது ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார். கருப்புக் குதிரையைக் கார்ப்போவின் பக்கத்துக்குள்ளேயே, டி3 கட்டத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு, கார்ப்போவின் பாதிப் படையை மூச்சு விட முடியாமல் செய்திருப்பார். கண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தாலும் எனக்கு அந்தக் குதிரை தெரிந்தது.)

அதற்காக அவரைப் பிறவிப் புரட்சிக்காரர் ஆக்க வேண்டாம். 1984இலேயே கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினர் ஆனவர்தான். 1990 ஜனவரியில் அஜர்பைஜானின் பாகுவில் ஆர்மீனியர்களைத் தேடித் தேடித் தாக்கினார்கள். அம்மா வழியில் ஆர்மீனியரான இவர் தனி விமானம் ஏற்பாடு செய்து, வீட்டாரையும் தெரிந்தவர்களையும் ஏற்றிக்கொண்டு பிறந்த ஊரை விட்டே வெளியேறினார். அந்த வருஷமே கட்சியை விட்டார். கார்ப்போவோடு மறுபடி பட்டத்துக்கு ஆட உட்கார்ந்தபோது சோவியத் கொடி வேண்டாம் என்று ரஷ்ய மூவர்ணக் கொடியை வைத்துக்கொண்டார். சோவியத் ஒன்றியம் கலைய இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது! 1996இல் ரஷ்ய ஜனாதிபதி எல்ட்சினுக்கு ஆதரவாக நின்றார். இதெல்லாம் ஓய்வுக்கு முன்னால் நடந்தது, கவனி.

ஓய்வு அறிவித்த கொஞ்ச நாளிலேயே மாஸ்கோவில் ஒருவன் செஸ் பலகையில் கையெழுத்துக் கேட்டு வாங்கிவிட்டு, அதே பலகையால் அவர் தலையில் அடித்தான். நல்லவேளை, சோவியத் நாட்டில் பிரபலமான விளையாட்டு செஸ், பேஸ்பால் இல்லை என்று மனுஷன் கிண்டலடித்தார். பிறகு ஜனாதிபதி புதினை எதிர்த்து 'ஒன்றுபட்ட குடிமக்கள் முன்னணி', 'மற்றொரு ரஷ்யா' கூட்டணி, ஊர்வலங்கள். 2007 ஏப்ரலில் பிடித்து அபராதம் போட்டார்கள், நவம்பரில் ஐந்து நாள் உள்ளே வைத்தார்கள்.

ஆனால் உனக்கு நான் சொல்ல நினைத்தது டிசம்பரில் நடந்ததை. ரஷ்ய ஜனாதிபதித் தேர்தலில் சுயேச்சையாக நிற்க வேண்டுமானால், முதலில் 500 ஆதரவாளர்களை ஓர் இடத்தில் கூட்டி முன்மொழிய வைக்கணும், அப்புறம் 20 லட்சம் கையெழுத்து. இந்த 500 பேரைக் கூட்ட மாஸ்கோவில் ஒரு மண்டபம் கிடைக்கவில்லை. கேட்ட இடத்தில் எல்லாம் கையை விரித்தார்கள். கெடு நெருங்கியது, விலகிக்கொண்டார். அவ்வளவு பெரிய நகரத்தில் ஒரு ஹால் வாடகைக்கு இல்லை! பலகை முன்னால் உட்காரவே விடாதபோது சிப்பாய் நகரவில்லை என்று சொல்லலாமா நீ?

உன் பக்கமும் நியாயம் இருக்கிறது, மறைக்கவில்லை. கூட்டணி என்று எழுத்தாளர் லிமோனோவின் தீவிர தேசியவாத 'தேசிய போல்ஷெவிக்' கட்சி ஆட்களோடு சேர்ந்து நின்றது எனக்கு இன்றைக்கும் ஜீரணமாகவில்லை. யாரையும் அனுசரித்துப் போகிற சுபாவமும் கிடையாது. 1993இல் இங்கிலாந்து வீரர் ஷார்ட்டோடு சேர்ந்துகொண்டு ஃபிடேயை விட்டு வெளியேறி, பட்டத்தையே இரண்டாக உடைத்தவர். 1995இல் நியூயார்க்கில் நம் ஆனந்தோடு ஆடும்போது காயை நகர்த்திவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனதை நீ மன்னிக்கவே இல்லை, தெரியும். 2014 ஃபிடே தலைவர் தேர்தலில் அப்போதைய தலைவர் இல்யும்ஷினோவிடம் 110-61 என்று தோற்றாரே, அங்கே மண்டபம் இருந்தது, ஓட்டுதான் விழவில்லை. அந்தப் புள்ளி உனக்கு.

கார்ப்போவை மட்டும் என்னால் ஒரு கட்டத்தில் அடைக்க முடியவில்லை. 2007இல் காஸ்பரோவ் உள்ளே இருந்தபோது பார்க்கப் போனவர் அவர். உள்ளே விடவில்லை. 2010இல் கார்ப்போவ் ஃபிடே தலைவர் பதவிக்கு நின்றபோது காஸ்பரோவ் ஆதரவு கொடுத்தார். மறுவருஷமே கார்ப்போவ் ஆளுங்கட்சி சார்பில் டூமா, அதாவது ரஷ்ய நாடாளுமன்ற, உறுப்பினர். காஸ்பரோவோ 2013இல் ரஷ்யாவை விட்டே போய்விட்டார், 2024இல் அந்த அரசு அவரைப் பயங்கரவாதிகள் பட்டியலில் சேர்த்தது.

செஸ் ஆடுகிறவர்களுக்கு அரசியல் ஒத்துவராது என்று பொதுவாகவும் எழுதியிருந்தாய். ரஷ்யாவின் பக்கத்து நாடுகளைப் பார்க்கலாமே. லிதுவேனியாவின் விக்டோரியா சிமிலிட்டே 2011இல் ஐரோப்பிய மகளிர் சாம்பியன், 2020இலிருந்து நான்கு வருஷம் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் சபாநாயகர். லாட்வியாவின் டானா ரெய்ஸ்னீட்சே-ஓசோலா நிதியமைச்சராக இருந்துகொண்டே 2016 பாகு ஒலிம்பியாடில் ஆடி, அப்போதைய உலக மகளிர் சாம்பியன் ஹோ யிஃபானைத் தோற்கடித்தார். பட்ஜெட் போடுகிறவர் கையில் அந்த ஆட்டம்!

பேரன் ரேட்டிங் போட்டிக்குப் போகிறான் என்று எழுதியிருந்தாய், என்ன ஓப்பனிங் (ஆட்டத்தைத் தொடங்கும் முறை) பழகுகிறான்? பெர்லின் டிஃபென்ஸ் மட்டும் இப்போது வேண்டாம். 2000இல் ரஷ்ய வீரர் கிராம்னிக் அதை வைத்துத்தான் காஸ்பரோவை ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவிடாமல் பட்டத்தைப் பறித்தார், சரிதான். ஆனால் பத்து வயசில் ராணியை மாற்றிவிட்டு உட்கார்ந்தால் பையனுக்கு ஆட்டமே கசந்துபோகும். அடிதடியான சிசிலியன் டிஃபென்ஸ் ஆடட்டும், நாலு தடவை தோற்கட்டும்.

அன்புடன்,
ராகவன்