ஒத்துணர்வு ஆய்வு: வினாத்தாள் அச்சிடும் முன் படிக்கவும்

குழுவினருக்கு வணக்கம். மாணவர்களின் ஒத்துணர்வையும் சமூக-உணர்வுத் திறனையும் ஆய்வுக்கு எடுத்திருப்பவர்கள் இவற்றைச் சரிபார்த்துவிடுங்கள்.

ஒத்துணர்வை அளக்க உளவியலாளர் மார்க் டேவிஸ் உருவாக்கிய அளவுகோலில் (Interpersonal Reactivity Index) 28 கூற்றுகள். நான்கு பிரிவுகள், பிரிவுக்கு 7. ஒவ்வொரு கூற்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். நான்கு பிரிவுகளையும் கூட்டி ‘மொத்த ஒத்துணர்வு’ என்று எழுதாதீர்கள். பிறர் துயரைக் கண்டு தான் பதறிப்போவது ஒரு பிரிவு, அவர் இடத்தில் நின்று யோசிப்பது வேறொரு பிரிவு. பதற்றம் கூடியவர்களிடம் இரண்டாவது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். கூட்டினால் இந்த வேறுபாடே மறைந்துபோகும்; ஆய்வின் சுவையான பகுதியும் அதுதான்.

3, 4, 7, 12, 13, 14, 15, 18, 19 ஆகியவை எதிர்ப்பொருளில் எழுதப்பட்ட கூற்றுகள்; அவற்றுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும்: 4 என்றால் 0, 3 என்றால் 1. கிரான்பாக் ஆல்ஃபா (ஒரு பிரிவின் கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) 0.5க்கும் கீழே வந்தால், அளவுகோலைக் குறை சொல்லும் முன் மதிப்பெண்ணைத் திருப்பினீர்களா என்று பாருங்கள்.

தமிழாக்கம் செய்தால், மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கட்டும். பிறகு ஐந்தாறு மாணவர்களை வாய்விட்டுப் படித்து, புரிந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். இரட்டை எதிர்மறை வாக்கியங்களில்தான் அதிகம் தடுமாறுவார்கள்.

விடையளிக்கும்போது வகுப்பாசிரியர் அறையில் இருக்க வேண்டாம். ‘நல்ல பிள்ளை’ பதில்களே வரும். ஒத்துணர்வுப் பயிற்சி கொடுத்து, அதற்கு முன்னும் பின்னும் அளப்பவர்கள் பெயருக்குப் பதில் குறியீட்டு எண் கொடுங்கள். எண்ணே இல்லாவிட்டால் இரு தாள்களையும் இணைக்க வழியில்லை. பயிற்சி பெறாத ஒப்பீட்டுக் குழுவும் தேவை. 18 வயதுக்குட்பட்டோரிடம் பெற்றோர் ஒப்புதலோடு மாணவரின் சம்மதத்தையும் தனியே வாங்குங்கள்.